தேயிலையின் ஈஜிசிஜியை வேதியியல் முறையில் மாற்றுவது எப்படி? புற்றுநோய் ஆய்வில் இறங்குபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாழைப்பூ ஆய்ந்தவர்களுக்குத் தெரியும். நறுக்கியதை உடனே மோரில் போடாவிட்டால் கொஞ்ச நேரத்தில் கருத்துவிடும். அதில் இருக்கும் பாலிஃபீனால்கள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் கருப்பு அது. பச்சைத் தேயிலையின் பேர்பெற்ற சேர்மமான ஈஜிசிஜியும் ஒரு பாலிஃபீனால்தான். எபிகேலோகேட்டகின் கேலேட் என்பது அதன் முழுப்பெயர். புற்று செல்களின் மேல் அதன் விளைவைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகள் மலைபோல் குவிந்துவிட்டன. ஆனாலும் புற்றுநோய்க்கான மாத்திரையாக அது இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, வாழைப்பூவைக் கருக்க வைக்கும் அதே குணம்.

அந்தக் குணத்தை வேதியியலால் கட்டுப்படுத்த முடியுமா என்று முயல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எம்.எஸ்சி. வேதியியல் அல்லது எம்.ஃபார்ம். ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களையும், ஆய்வில் புதிதாக நுழைந்தவர்களையும் மனதில் வைத்திருக்கிறேன். மாற்ற முறைகள் பல உண்டு. எட்டு அசிட்டைல் தொகுதிகளைச் சேர்க்கும் முறையை மட்டும் முழு எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் போகிற போக்கில் சொல்கிறேன். ஒன்றைக் கையால் செய்து பழகிவிட்டால் மற்றவை பிடிபடும்.

படி 1: மூலக்கூறைப் படம் வரைந்து பாருங்கள்

கணினியில் வேண்டாம், தாளில் வரையுங்கள். ஏ வளையம், அதோடு ஒட்டிய சி வளையம், சி-யில் தொங்கும் பி வளையம், சி-யின் மூன்றாம் கார்பனில் எஸ்டர் பிணைப்பால் மாட்டியிருக்கும் டி வளையம் (கேலேட் வளையம் என்பதும் இதுதான்). ஏ-யில் இரண்டு, பி-யில் மூன்று, டி-யில் மூன்று என மொத்தம் எட்டு ஹைட்ராக்சில் தொகுதிகள். எட்டும் ஃபீனால் வகை. மூலக்கூறு எடை 458.4.

வரைந்ததும் எஸ்டர் பிணைப்பைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். எட்டு ஹைட்ராக்சிலையும் நீல மையில் வட்டமிடுங்கள். இனி எடுக்கும் எல்லா முடிவும் இந்த ஒன்பது வட்டங்களைச் சுற்றித்தான்.

ஈஜிசிஜி, கேட்டகின் என்னும் சேர்மக் குடும்பத்தைச் சேர்ந்தது. பச்சைத் தேயிலையிலிருந்து கேட்டகினை முதலில் பிரித்தெடுத்தவர் ஜப்பானின் மிச்சியோ சுஜிமுரா, 1929-இல். அவருக்குக் கிடைத்திராத வசதி நமக்கு உண்டு. தூய ஈஜிசிஜி இன்று விலைக்கே கிடைக்கிறது. 95 சதவீதத்துக்கு மேல் தூய்மை உள்ளதை வாங்குங்கள். காசு போதாது என்றால் பச்சைத் தேயிலையை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, டைகுளோரோமீத்தேனால் கழுவிக் காஃபீனை நீக்கி, பிறகு எத்தில் அசிட்டேட்டில் கேட்டகின்களை இறக்கிக்கொள்ளலாம். ஆனால் டீக்கடைத் தூளிலிருந்து எடுக்க முயலாதீர்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் பெரும்பாலும் தயாராவது கறுப்புத் தேயிலை. இலையை நசுக்கிப் புளிக்க விடும்போது அதிலிருக்கும் நொதி கேட்டகின்களில் பெரும்பகுதியைத் தியாஃப்ளேவின், தியாரூபிஜின் போன்றவையாக மாற்றிவிடுகிறது. நம் டீக்கு நிறமும் திடமும் தருவது அதுதான். நாம் தேடும் ஈஜிசிஜியோ அங்கே கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும்.

படி 2: அதன் குறைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்

"உடலில் சரியாகச் சேர்வதில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். குறை எது என்று தெரியாமல் செய்யும் மாற்றம் குருட்டாம்போக்கு.

முதல் குறை, நிலைத்து நிற்காமை. அமிலத்தில் ஈஜிசிஜி ஓரளவு தாங்கும். பிஹெச் 7.4-க்கு வந்தால் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. சில செல் வளர்ப்பு மீடியங்களில் அரை மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். போகும்போது சும்மாவும் போவதில்லை, ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கிவிட்டுப் போகிறது. இதைப் படி 7-இல் மறுபடி பார்ப்போம். பல பேர் சறுக்குவது அங்கேதான்.

இரண்டாவது, செல் சவ்வைக் கடப்பது. எட்டு ஹைட்ராக்சில் சுமந்த மூலக்கூறுக்குக் கொழுப்பாலான சவ்வு எளிதில் வழிவிடாது. உள்ளே நுழைந்ததையும் குடல் செல்களின் பம்புப் புரதங்கள் வெளியே தள்ளுகின்றன.

மூன்றாவது, உடலின் வேதியியல். காம்ட் என்னும் நொதி மெத்தில் தொகுதியை மாட்டுகிறது. கல்லீரலும் குடலும் குளுகுரோனைடாகவும் சல்ஃபேட்டாகவும் மாற்றி வெளியேற்றுகின்றன. மிச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன.

இவை எல்லாம் சேர்ந்து என்ன ஆகிறது? இரண்டு மூன்று கப் கிரீன் டீ குடித்தவரின் இரத்தத்தில் ஈஜிசிஜி உச்சத்திலும் பொதுவாக 1 மைக்ரோமோலாருக்குக் கீழேதான் இருக்கிறது. செல் ஆய்வுகளிலோ 10 முதல் 100 மைக்ரோமோலார் வரை ஊற்றுகிறார்கள். இந்த இடைவெளியைப் பார்க்காமல் "கிரீன் டீ புற்றுநோயைக் கொல்கிறது" என்று தலைப்பு போடுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. நோயாளி வீட்டில் அந்தத் தலைப்பை எவ்வளவு நம்பிக்கையோடு படிப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பச்சைத் தேயிலைக் கேட்டகின் கலவைக்கு அமெரிக்காவின் எஃப்டிஏ 2006-இல் மருந்து அனுமதி தந்தது உண்மைதான். ஆனால் அது பிறப்புறுப்பு மருக்களுக்கு மேலே தடவும் களிம்பு. குடலையும் கல்லீரலையும் தாண்ட வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

படி 3: இலக்கைத் தீர்மானியுங்கள்

புற்று செல்லில் எந்தப் புரதத்தைப் பிடிக்கப் போகிறோம் என்று முடிவு செய்த பிறகே எந்தத் தொகுதியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தெரியும். ஈஜிசிஜி பல புரதங்களோடு ஒட்டுவதாகச் சொல்லப்படுகிறது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் 67 கிலோடால்டன் லேமினின் ஏற்பியை 2004-இல் காட்டினார்கள். ஸ்பெயினின் முர்சியா பல்கலைக்கழகக் குழு, ஃபோலேட் பாதையிலுள்ள டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியைக் காட்டியது.

நம் எடுத்துக்காட்டுக்கு இலக்கு புரோட்டியசோம், அதாவது செல்லின் குப்பைப் புரதங்களை அரைக்கும் இயந்திரம். அது நின்றால் குப்பை சேர்ந்து செல் மடியும். வேகமாகப் பெருகும் புற்று செல்லுக்கு இந்த இயந்திரத்தின் தேவை அதிகம். எஸ்டர் பிணைப்புள்ள தேயிலைப் பாலிஃபீனால்கள் புரோட்டியசோமைத் தடுக்கின்றன என்று கியூ. பிங் டோவின் குழு 2001-இல் வெளியிட்டது. புரோட்டியசோமின் வெட்டும் வேலைகளில் ஒன்றான கைமோட்ரிப்சின் வகைச் செயல்பாட்டைப் பாதியாகக் குறைக்க ஈஜிசிஜி 86 முதல் 194 நானோமோலார் போதுமானதாக இருந்தது. எஸ்டரின் கார்போனைல் கார்பனை, புரோட்டியசோமின் முனையிலுள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலம் தாக்குகிறது என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம்.

இப்போது உங்கள் படத்தைப் பாருங்கள். சிவப்பு வட்டத்தைத் தொடக்கூடாது. நீல வட்டங்களும் புரதத்தில் பொருந்தி உட்கார உதவுகின்றன, அதனால் அவற்றை நிரந்தரமாக வெட்டி எறிந்தால் வீரியம் குறையும். ஆனால் பயணத்தில் தொல்லை தருவதும் அதே நீல வட்டங்கள்தான். இலக்கை அடையும்வரை மூடியிருக்க வேண்டும், அடைந்ததும் திறந்துகொள்ள வேண்டும். மருந்து வேதியியலில் இதற்குப் பெயர் புரோடிரக், தமிழில் முன்மருந்து. மூலக்கூறின் வீரியத்தைக் கூட்டுவதற்காக நாம் இதைச் செய்யவில்லை. அது உருக்குலையாமல் போய்ச் சேருவதற்கே செய்கிறோம். இதை மறந்தால் பின்னால் வரும் எண்களைத் தப்பாகப் படிப்பீர்கள்.

படி 4: எந்த மூடி?

அசிட்டைல்: எட்டு ஹைட்ராக்சிலையும் எஸ்டராக மூடுவது. விலை குறைவு, செய்வது எளிது, செல்லுக்குள் இருக்கும் எஸ்டரேஸ் நொதிகளே அதைக் கழற்றிவிடும். கழன்று வருவதும் அசிட்டிக் அமிலம்தான், உடலுக்குப் பழக்கமான பொருள். டோவும், கனடா மெக்கில் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் பணிபுரிந்த டாக் ஹாங் சானும் சேர்ந்து வளர்த்த பாதை இது. முதலில் செய்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நீளமான கொழுப்பமிலச் சங்கிலி: பால்மிட்டேட் போன்ற ஒன்றை லைபேஸ் நொதியின் உதவியால் ஓரிடத்தில் மட்டும் மாட்டுவது. சவ்வோடு நன்றாக ஒட்டும். ஜப்பானில் இதில் நல்ல வேலை நடந்திருக்கிறது. எந்த ஹைட்ராக்சிலில் ஏறியது என்று பிரித்தறிவதுதான் பெரும் பாடு. ஒரே எடையுள்ள பல ஐசோமர்கள் கலந்து வரும்.

டிரைமெத்தாக்சிபென்சாயில்: முர்சியா குழு கேலேட் வளையத்தின் மூன்று ஹைட்ராக்சிலையும் மெத்தாக்சியாக்கி, எபிகேட்டகின் என்னும் இன்னொரு கேட்டகினோடு இணைத்தது. இந்தச் சேர்மத்தை மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்ச் செல்களில் இருக்கும் டைரோசினேஸ் நொதியே செயல்வடிவத்துக்கு மாற்றுகிறது. அதாவது நோயுற்ற செல்லே பூட்டைத் திறந்துகொள்கிறது. படித்தபோது எழுந்து நடக்க வைத்த யோசனை இது. ஆனால் இதற்குத் தொகுப்பு வேதியியலில் நல்ல பழக்கம் வேண்டும்.

சர்க்கரை சேர்ப்பது நீரில் கரைவதற்கும் நிலைத்து நிற்பதற்கும் உதவும். நம் இலக்குக்கு அது முதல் தேர்வல்ல.

படி 5: கையால் செய்வது

முதலில் கணக்கு. 1 கிராம் ஈஜிசிஜி என்பது 2.18 மில்லிமோல். எட்டு ஹைட்ராக்சிலுக்கு 17.5 மில்லிமோல் அசிட்டிக் அன்ஹைட்ரைடு தேவை, அதாவது சுமார் 1.65 மில்லி. ஏறக்குறைய மூன்று பங்கு, 5 மில்லி எடுங்கள். முழுவதும் மாறினால் கிடைக்க வேண்டியது 1.73 கிராம், மூலக்கூறு எடை 794.7.

அடுப்பில் காயவைத்த குடுவையில் ஈஜிசிஜியைப் போட்டு, நைட்ரஜன் ஓட்டத்தில் 10 மில்லி உலர்ந்த பிரிடினில் கரையுங்கள். எல்லாம் ஃபியூம் ஹூடுக்குள். பிரிடின் நாற்றம் சட்டையில் ஏறினால் பேருந்தில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்பதோடு, அது நச்சு, தீப்பற்றக்கூடியது. அன்ஹைட்ரைடு கண்ணையும் தோலையும் சுடும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

குடுவையைப் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து அன்ஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு அறை வெப்பநிலைக்கு விட்டு, அலுமினியத் தாளைச் சுற்றி, இரவு முழுக்கக் கலக்க விடுங்கள். அவசரப்பட்டுச் சூடாக்காதீர்கள். சூட்டில் ஈஜிசிஜி இரண்டாம் கார்பனில் திரும்பிக்கொண்டு ஜிசிஜி என்னும் எபிமராக மாறக்கூடும். எடை ஒன்றே என்பதால் மாஸ் நிறமாலையில் அகப்படாது.

காலையில் டிஎல்சி, அதாவது மெல்லிய தகட்டில் சேர்மங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை போடுங்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை உண்டு. தகட்டின் மேல் ஃபெரிக் குளோரைடு கரைசலைத் தெளித்தால், மூடப்படாத ஈஜிசிஜி இருக்கும் இடம் நீலக்கருப்பாகும். கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சிய காலத்து வேதியியல்தான் அது. இரும்பு, கேலேட்டைக் கண்டால் கறுக்கும். எட்டு ஹைட்ராக்சிலும் மூடப்பட்ட சேர்மமோ நிறம் காட்டாது. ஆரம்பப் பொருள் தகட்டின் அடியில் மையாக நிற்கும், உங்கள் சேர்மம் மேலே ஏறிப்போய் புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும். வேலை முடிந்ததா என்று கேட்க இதைவிட எளிய வழி இல்லை.

முடிந்திருந்தால் கலவையைப் பனிக்கட்டி நீரில் ஊற்றி, எத்தில் அசிட்டேட்டில் இறக்குங்கள். பிரிடினை நீக்கக் காப்பர் சல்ஃபேட் கரைசலால் கழுவுங்கள். பிரிடின் இருக்கும்வரை நீலம் அடர்ந்து கறுக்கும், நிறம் மாறாமல் வந்தால் போதும். அப்புறம் சோடியம் பைகார்பனேட். வாயு கிளம்பும், பிரிபுனலின் அடைப்பானை அடிக்கடி திறந்துவிடுங்கள். உப்புநீர், நீரற்ற சோடியம் சல்ஃபேட், 40 டிகிரிக்குள் ஆவியாக்கல், கடைசியில் ஹெக்சேனும் எத்தில் அசிட்டேட்டும் சமமாகக் கலந்து, சிலிக்கா நிரப்பிய குழாயில் (காலம் குரோமட்டோகிராபி) ஓட்டித் தூய்மையாக்கல். வெள்ளைத் திடப்பொருள் கிடைக்க வேண்டும். பழுப்பு தட்டினால் எங்கோ காற்று புகுந்திருக்கிறது.

படி 6: செய்தது அதுதானா?

குளோரோஃபார்மில் எடுத்த புரோட்டான் என்எம்ஆரில் 2.2 முதல் 2.3 பிபிஎம் வரை அசிட்டைல் மெத்தில்கள் நெருக்கியடித்து நிற்கும். அவற்றைக் கூட்டினால் 24 ஹைட்ரஜன் வர வேண்டும். கேலேட் வளையத்தின் இரண்டு ஹைட்ரஜன்கள் 7.6 அருகிலும், பி வளையத்தின் இரண்டு 7.2 அருகிலும் ஒற்றைக் கோடுகளாக வரும். மாஸ் நிறமாலையில் சோடியம் சேர்ந்த அயனி 817-இல். கூடவே 775 தெரிந்தால் ஒரு அசிட்டைல் குறைந்த சேர்மம் கலந்திருக்கலாம். ஈரமான பிரிடின்தான் பெரும்பாலும் குற்றவாளி. ஹெச்பிஎல்சி தூய்மை 95-க்குக் கீழே இருந்தால் செல் பக்கமே போகாதீர்கள்.

படி 7: செல்லுக்குள் அனுப்புவதும், ஏமாறாமல் இருப்பதும்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நாள் ஒதுக்குங்கள்.

முதலில் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். சேர்மத்தை வெறும் மீடியத்தில் ஒரு பங்கும், செல்களோடு ஒரு பங்கும் வைத்து, குறித்த நேரங்களில் எடுத்து ஹெச்பிஎல்சியில் ஓட்டுங்கள். செல்லின் உள்ளே ஈஜிசிஜி தோன்ற வேண்டும். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சுங் யாங்கின் குழு 2006-இல் இதைச் செய்து காட்டியது. அசிட்டைல் வடிவத்தைக் கொடுத்தபோது ஹெச்சிடி116 பெருங்குடல் புற்று செல்களுக்குள் ஈஜிசிஜி அளவு 2.8 முதல் 30 மடங்கு வரை கூடியது. ஆனால் வளர்ச்சியைத் தடுக்கும் திறன் அதே அளவுக்குக் கூடவில்லை. பாதி வளர்ச்சியை நிறுத்த 45 மைக்ரோமோலார் தேவைப்பட்ட இடத்தில் 32 போதுமானது, அவ்வளவுதான். உள்ளே சேர்வதும் விளைவும் ஒரே விகிதத்தில் நகர்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அடுத்து, தூய புரோட்டியசோமோடு சோதித்தால் உங்கள் புதுச் சேர்மம் வேலை செய்யாது. பயப்பட வேண்டாம், அது செய்யக்கூடாது. மூடி போட்டிருக்கிறதே. செல்லுக்குள் மட்டும் வேலை செய்தால்தான் முன்மருந்து என்ற பேச்சு நிற்கும். தூய நொதியிலும் தடுத்தால் ஈஜிசிஜி கலப்படம் இருக்கிறதா என்று படி 6-க்குத் திரும்புங்கள்.

இனி அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு. ஈஜிசிஜியை மீடியத்தில் ஊற்றிய 96 குழித் தட்டு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதிக அளவு ஊற்றிய வரிசையில், செல்லே இல்லாத குழியிலும் இளம்பழுப்பு ஏறியிருக்கும். அங்கே பெராக்சைடும் உண்டாகியிருக்கிறது. செல்கள் செத்தால் கொன்றது உங்கள் சேர்மமா, பெராக்சைடா? அளவு கூடக் கூடச் செல்கள் சாவதைக் காட்டி நான் முதன்முதலில் எடுத்த அழகான வளைவு ஒன்று, பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியை மீடியத்தில் சேர்த்ததும் தட்டையாகிப் போனது. மூன்று மாத வேலை. அன்றிலிருந்து கேட்டலேஸ் உள்ள தட்டு, இல்லாத தட்டு என இரண்டும் இல்லாமல் எந்த முடிவையும் நான் நம்புவதில்லை. ஃபீனால் மூடப்பட்ட சேர்மத்துக்கு இந்தத் தொல்லை வெளியே குறைவு. அதுவே அதன் பெரிய நன்மை, அதையும் அளந்து காட்டுங்கள்.

உயிருள்ள செல்கள் ஒரு சாயத்தை ஊதாவாக்குவதை அளக்கும் எம்டிடி சோதனையும் இங்கே சரிப்படாது. ஈஜிசிஜி தானே அந்தச் சாயத்தை ஒடுக்கி ஊதா நிறம் கொடுக்கும், செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் காட்டும். ஏடிபி அளவீடோ, சல்ஃபோரோடமின் சாயமோ, நேரடியாகச் செல் எண்ணிக்கையோ வையுங்கள்.

மூலச் சேர்மத்தையும் மாற்றிய சேர்மத்தையும் சம மோல் அளவில் ஒப்பிடுங்கள். சம எடையில் ஒப்பிட்டால் 794-க்கும் 458-க்கும் உள்ள வித்தியாசம் கணக்கைக் குழப்பிவிடும். மூடி போட்டது நீரில் கரையாது, டிஎம்எஸ்ஓ என்னும் கரைப்பானில் கரைத்து விடுவீர்கள். அளவு கூடினால் மீடியத்தில் வீழ்படிவாகலாம், மைக்ரோஸ்கோப்பில் ஊசிகள் தெரிகிறதா என்று பாருங்கள். இயல்பான செல் வகை ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் கொல்வது மருந்தாகாது.

படி 8: விலங்கும் மனிதரும்

நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு அனுமதி இல்லாமல் ஒரு எலியைக்கூடத் தொடக்கூடாது. அனுமதி கிடைத்த பிறகு முதலில் கட்டியைப் பார்க்காதீர்கள், இரத்தத்தைப் பாருங்கள். ரட்கர்ஸ் குழு எலிகளுக்கு வாய்வழியே சம மோல் அளவு கொடுத்தபோது, அசிட்டைல் வடிவம் இரத்தத்தில் மொத்த ஈஜிசிஜியைச் சுமார் 2.4 மடங்கு கூட்டியது. அரை ஆயுட்காலம் 200 நிமிடத்திலிருந்து 441 நிமிடமானது. டோவின் குழு 2007-இல், எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்று செல்களை ஏற்றிய எலிகளில், ஈஜிசிஜியைவிட இந்த முன்மருந்து கட்டியின் வளர்ச்சியை அதிகம் தடுத்ததாகக் காட்டியது.

ஆனால் அதிகம் உள்ளே போவது எப்போதும் நல்லதல்ல. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல், துணை உணவாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈஜிசிஜி எடுத்தவர்களுக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்ததைச் சுட்டிக்காட்டியது. உடலில் சேரும் அளவை நீங்களே இரண்டு மடங்காக்கியிருக்கிறீர்கள் என்றால் அந்த வரம்பும் நெருங்கி வருகிறது. ஏஎல்டி, ஏஎஸ்டி என்னும் கல்லீரல் நொதிகளின் அளவுகளை முதல் வாரத்திலிருந்தே குறித்துக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக, மற்ற மருந்துகளோடு சேர்த்துப் பார்ப்பது. போர்டிசோமிப் புரோட்டியசோமைத் தடுக்கும் மருந்து, மல்டிபிள் மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குத் தருகிறார்கள். ஈஜிசிஜியும் புரோட்டியசோமைத்தான் தடுக்கிறது, இரண்டும் சேர்ந்தால் பலம் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2009-இல் வந்த ஆய்வு நேர்மாறாகக் காட்டியது. போர்டிசோமிப்பில் இருக்கும் போரானிக் அமிலத் தொகுதியை, ஈஜிசிஜியின் அடுத்தடுத்த ஹைட்ராக்சில்கள் பிடித்துக்கொள்கின்றன. மருந்து செயலிழந்துபோகிறது. மூடி போட்ட வடிவத்தில் அந்த ஹைட்ராக்சில்கள் மறைந்திருந்தாலும், மூடி கழன்றதும் வெளியே வரும். அதனால் இந்தச் சேர்மத்தைப் போர்டிசோமிப்போடு சேர்த்துச் சோதிப்பவர்கள், எது முதலில், எத்தனை மணி இடைவெளியில் என்று தனித்தனியாகத் தட்டு வைத்துப் பார்க்க வேண்டும். போர்டிசோமிப் எடுத்துக்கொண்டிருப்பவர் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், கிரீன் டீ மாத்திரை வாங்கித் தரும் முன் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.